இந்த அறையைத் தாண்டாது

வால்பி, கோபன்ஹேகன்
14 ஜனவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீயும் போடில் அண்ணியும் சுகம்தானே? இந்தக் குளிரில் அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள் மேலாளர் ஃப்ளெமிங் போன் செய்தார். பிப்ரவரியில் ஒரு வாரம் உங்கள் குழுவுக்கு நான்தான் பயிற்சி தரப்போகிறேன். நீ என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்தாயோ, மனிதர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. போன வருஷம் எனக்கு வேலை எந்த லட்சணத்தில் இருந்தது என்பது உனக்குத் தெரியும். நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காமலே செய்துவிட்டாய். என்ன சொல்லட்டும், போ.

உங்கள் ஆட்கள் எப்படி என்று முன்கூட்டியே எழுது. போகிற இடமெல்லாம் ஒரே கதை. நான் சொல்லித்தரும் அஜைல் வேலைமுறையின் பெயரைக் கேட்டதுமே கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிடுவார்கள். ஓடென்ஸில் ஒருவன், "சுவத்துல கலர் கலரா சீட்டு ஒட்டறீங்களே, நீங்க என்ன பாலர் பள்ளி டீச்சரா?" என்றான். "ஆமாப்பா, அங்கதான் யாரும் மேலாளருக்குப் பயந்து பொய் சொல்ல மாட்டாங்க"ன்னேன். அப்புறம் அந்த வாரம் முழுக்க அதிகம் பேசியது அவன்தான்.

நாளெல்லாம் திரையில் தட்டிக்கொண்டிருக்கும் நாம் இரண்டு பேரும் இன்னும் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்று என் தோழிகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உன் பிரியமுள்ள தங்கை,
விபெகே

---

ஆல்போர்க்
23 ஜனவரி

அன்புத் தங்கச்சி விபெகேவுக்கு,

உன் கடிதம் வந்தது. இருவரும் நலம். மேற்குக் காற்று அடிக்கும்போது மட்டும்தான் அண்ணிக்கு முழங்கால் வலி. ஆனால் இந்த ஊரில் மேற்குக் காற்று என்றைக்கு அடிக்கவில்லை, சொல்.

எங்கள் ஆட்களைப் பற்றிக் கேட்டாய். அதற்கு முன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. முதியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நகராட்சி நர்சுகளுக்கான மென்பொருள் எங்களுடையது. யார் எந்த வீட்டுக்குப் போக வேண்டும், என்ன மருந்து தர வேண்டும் என்று அதுதான் சொல்லும். பட்டியலில் ஒரு வரி மறைந்தால் எங்கோ ஒரு கிழவர் ஊசி இல்லாமல் உட்கார்ந்திருப்பார். அதனால்தான் மென்பொருளைச் சோதித்துத் தப்பு தேடும் இந்த டெஸ்டர் வேலையை நான் ஒருநாளும் சின்ன வேலையாக நினைத்ததில்லை.

ஃப்ளெமிங் நல்ல மாதிரி. சிரித்துக்கொண்டே, "எப்போ முடியும்?" என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே கேள்வி அது. ட்ரூல்ஸ் எனக்குப் பக்கத்து மேஜை, நான் சேர்ந்த வருஷத்திலிருந்து. வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்க வேண்டும். மதியம் அவன் பெண்டாட்டி செய்த ஈரல் பேஸ்டும் என் ஹெர்ரிங் மீனும் ஒரே தட்டில்தான். புதன்கிழமைகளில் ஃப்ளெமிங்கோடு பேட்மிண்டன் ஆடுகிறான், எப்போதும் தோற்கிறான். சோல்வை என்னோடு சோதனை செய்பவள், குழுவில் ஒரே பெண். இரண்டு சின்னக் குழந்தைகள். தப்பைக் கண்டுபிடிப்பதில் எங்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுவாள். ஆனால் கூட்டத்தில் பேச மாட்டாள், என் காதில்தான் சொல்வாள்.

அவளைப் பேச வைத்துவிட்டாயென்றால் நீ கெட்டிக்காரி.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் நம் வீட்டில் சாப்பாடு. அண்ணி பன்றி வறுவல் செய்கிறாள், மொறுமொறுத் தோலோடு.

உன் அண்ணன்,
எஸ்பென்

---

வால்பி
20 பிப்ரவரி

அன்புள்ள அண்ணா,

ஊர் வந்து சேர்ந்தேன், சுகம். முதலில் அண்ணியிடம் எனக்காக மன்னிப்புக் கேள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, வறுவல் வாசனைகூடப் பார்க்காமல் வந்துவிட்டேன். அடுத்த முறை இரண்டு பங்கு.

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு அமைந்ததில்லை. மற்ற நாட்களில் நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் சும்மா. வேலைகளை இரண்டு வாரத் துண்டுகளாக வெட்டுவது, பலகையில் நகர்த்துவது, காலையில் நின்றபடியே பேசிக் கலைவது, இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் கற்றுத்தரலாம். நடந்ததைத் திரும்பிப் பார்த்து மனம் விட்டுப் பேசும் கூட்டம் இருக்கிறதே, அங்கேதான் ஒரு குழு குழுவாகிறது. மேலாளரை வெளியே அனுப்பிவிட்டு, "இங்க பேசறது இந்த அறையைத் தாண்டாது" என்று நான் சொன்னபோது உங்கள் ஆட்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். என் கையில் யாரும் எதுவும் எழுதாத சீட்டுகள். ஒரு டீச்சருக்கு அதைவிட அவமானம் இல்லை.

அப்போதுதான் நீ எழுந்தாய். "ஏம்ப்பா, இவ என் தங்கச்சி. இவகிட்ட சொன்னது வெளிய போகாது. நான் பொறுப்பு. பேசுங்க"ன்னே. உடனே சோல்வை எழுந்தாள் பார்! "நவம்பர்ல நர்சுங்களுக்கு அனுப்பின புது மென்பொருள நாம சோதிக்கவே இல்ல. கம்ப்யூட்டர்ல 'சோதித்தது'ன்னு குறிச்சது நான். குறிக்கச் சொன்னது ஃப்ளெமிங். நர்சுங்க ஷிப்ட் மாத்திக்கிட்டா ஒரு வீடு பட்டியல்லேர்ந்து காணாம போகுது. இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு." எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அவளைப் பேச வைத்தது நான் இல்லை. நீதான்.

உன் தங்கை,
விபெகே

---

ஆல்போர்க்
24 மார்ச்

அன்புத் தங்கச்சிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் உடம்பளவில் சுகம்.

நீ போன பிறகு சில வாரம் அலுவலகமே வேறு மாதிரி இருந்தது. ட்ரூல்ஸ்கூட ஒரு நாள் கூட்டத்தில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினான், நாங்கள் கைதட்டினோம். அந்தக் காணாமல் போகும் வீட்டைச் சரிசெய்ய அடுத்த இரண்டு வாரத்தை ஒதுக்க வேண்டும் என்று சோல்வை பலகையில் எழுதினாள். யாரோ அதை வேலை வரிசையின் அடிக்குத் தள்ளிவிட்டார்கள். அவள் மறுபடி மேலே ஏற்றினாள்.

போன செவ்வாய்க்கிழமை ஃப்ளெமிங் அவளைக் கூப்பிட்டார். காபி ஆறுவதற்குள் திரும்பி வந்தாள், முகம் வெளுத்துப்போய். வேலை போய்விட்டது. அன்றைக்கே அலுவலக அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். காரணம், குழுவோடு ஒத்துப்போகவில்லையாம். பையை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"எஸ்பென், அவருக்குத் தெரிஞ்சிருக்கு. 'சீட்டு ஒட்டற எடத்துல என்னைப் பத்தி நவம்பர் கதை சொன்னியாமே'ன்னு கேக்கறார். நீங்க பொறுப்புன்னு சொன்னீங்களே."

அவளுக்காகக் கதவைத் திறந்துவிட்டேன். அதுதான் செய்தேன்.

அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் வருஷக்கணக்காகச் சேர்ந்து வேலை செய்தவர்கள். அவர்களில் ஒருவன் போய்ச் சொல்லியிருக்கிறான். நீதானே அன்று எல்லாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாய். உனக்கு யார் மேலாவது சந்தேகம் தட்டியதா? யோசித்து எழுது.

உன் அண்ணன்,
எஸ்பென்

---

மால்மோ
28 ஏப்ரல்

அன்புள்ள அண்ணா,

உடனே எழுத முடியாததற்கு மன்னித்துக்கொள். இந்த மாதம் நான் வீட்டில் தூங்கிய நாட்களைவிட ஓட்டலில் தூங்கியதுதான் அதிகம். சளி பிடித்துக் குரல் போய், இங்கே மால்மோவில் ஒரு நாள் சைகையாலேயே பாடம் நடத்தினேன். இப்போது பரவாயில்லை. உங்கள் பக்கம் குளிர் விட்டதா? அண்ணி தோட்டத்தில் உருளைக்கிழங்கு ஊன்றிவிட்டாளா?

ஒரு நல்ல செய்தி. உங்கள் தலைமை அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டுப் பேசினார்கள். மால்மோ, பெர்கன் எல்லாவற்றிலும் சேர்த்து உங்கள் நிறுவனத்தின் மற்றக் குழுக்களுக்கும் இனி நான்தான். இரண்டு வருஷ வேலை. அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

சோல்வை விஷயம் வருத்தமாக இருந்தது. திறமைசாலி, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள். யார் என்று கேட்டிருந்தாய். அன்று நான் அப்படி ஒன்றும் கவனிக்கவில்லை. இதையெல்லாம் தோண்டிக்கொண்டிருப்பது குழுவுக்கு நல்லதில்லை, அண்ணா. நடந்தது நடந்துவிட்டது.

உன் தங்கை,
விபெகே

---

ஆல்போர்க்
5 மே

அன்புத் தங்கச்சிக்கு,

உன் நல்ல செய்தியை அண்ணிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவளுக்கும் சந்தோஷம். உருளைக்கிழங்கு ஊன்றியாயிற்று. உடம்பைப் பார்த்துக்கொள், மிளகுக்கஷாயம் மாதிரி ஏதாவது காரமாகக் குடி.

தோண்ட வேண்டாம் என்றாய். உன் பெருந்தன்மை எனக்கு வராது. நான் தோண்டிவிட்டேன்.

ட்ரூல்ஸ்தான். வேறு யார் ஃப்ளெமிங்கோடு வாராவாரம் தனியாக இருக்கிறார்கள்? மதியச் சாப்பாட்டில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"ட்ரூல்ஸ், சோல்வை பேசினத ஃப்ளெமிங்கிட்ட சொன்னது நீதானா?"

கத்தியைக் கீழே வைத்தான். என்னைப் பார்க்கவில்லை. "அப்படி நெனக்கிறியா?"ன்னான். அவ்வளவுதான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, விபெகே. குற்றமில்லாதவன் இல்லை என்று சொல்ல மாட்டானா?

அன்றிலிருந்து நான் வேறு மேஜையில் சாப்பிடுகிறேன். மற்றவர்களும் புரிந்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமைக் காலை ரொட்டி வாங்கிவரும் முறை இந்த வாரம் அவனுடையது. பேக்கரியிலிருந்து சூடாகக் கொண்டுவந்து, வெண்ணெய், சீஸ் எல்லாம் பரப்பி வைத்தான். ஒருவரும் தொடவில்லை. பதினோரு மணிக்கு ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப எடுத்து வைத்தான். பார்க்க நன்றாக இல்லைதான். ஆனால் சோல்வை பையை எடுத்துக்கொண்டு போனதும் நன்றாகவா இருந்தது?

உன் அண்ணன்,
எஸ்பென்

---

பெர்கன்
26 மே

அண்ணா,

நலம். நலமறிய ஆவல். இங்கே வந்ததிலிருந்து மழை.

ட்ரூல்ஸை விட்டுவிடு. உறுதியாகத் தெரியாமல் ஒரு மனிதரை இப்படிச் செய்யக் கூடாது. அவராக இல்லாமலும் இருக்கலாம். தயவுசெய்து அவரோடு பழையபடி உட்கார்ந்து சாப்பிடு.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

விபெகே

---

ஆல்போர்க்
12 ஜூன்

அன்புத் தங்கச்சிக்கு,

நலமா? நீ எழுதியது சின்னக் கடிதம். வேலை அதிகம் என்று புரிந்துகொண்டேன்.

ட்ரூல்ஸோடு பழையபடி உட்கார் என்றாய். இனி முடியாது. அவன் போய்விட்டான். ஓய்வு வயது வருமுன்பே போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். வழியனுப்பும் கேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். காலையில் வந்து பார்த்தால் பக்கத்து மேஜை துடைத்து வைத்திருந்தது.

அதைவிடப் பெரிய விஷயம். தெற்கே ஒரு நகராட்சியில், சனிக்கிழமை இரண்டு நர்சுகள் ஷிப்டை மாற்றிக்கொண்டார்கள். ஒரு வீடு பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது. அந்த வீட்டுக் கிழவர் குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, திங்கட்கிழமை வரை ஓடுபாவிய தரையிலேயே கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரிக்கு முனகல் கேட்டதால் உயிர் பிழைத்தார். இனி நடப்பாரா என்று தெரியாது.

சோல்வை சொன்ன அதே தப்பு. கூட்டத்தில் ஃப்ளெமிங் என்ன சொன்னார் தெரியுமா? "அந்தப் பகுதி சோல்வை பொறுப்பு. 'சோதித்தது'ன்னு அவ பேர்லதான் இருக்கு. நல்லவேளை, அவள அனுப்பிட்டோம்."

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஐம்பத்தாறு வயது, இந்த ஊரில் என்னை யார் புதிதாக எடுப்பார்கள் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை இப்படியே விடப்போவதில்லை. ஃப்ளெமிங்கோடு பேசப்போகிறேன்.

சாங்க்ட் ஹான்ஸ் கோடைத் திருநாளுக்கு நெருப்பு மூட்டும் அன்று அலுவலகத்தில் எல்லாரும் ஃபியோர்டு நீர்க்கரையில் கூடுகிறோம். நீயும் வாயேன். பார்த்து எத்தனை நாளாயிற்று.

உன் அண்ணன்,
எஸ்பென்

---

ஆல்போர்க்
25 ஜூன்

விபெகேவுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். இங்கும் எல்லாரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம்.

நீ நெருப்புக்கு வரவில்லை. ஃப்ளெமிங் வந்திருந்தார், கையில் பீரோடு, நல்ல குஷியில். நான் அவரைத் தனியாகத் தண்ணீர்ப் பக்கம் கூட்டிப்போனேன்.

"அந்தக் கெழவர் விஷயத்துல சோல்வை மேல பழி போடாதீங்க. அவ எல்லாத்தையும் அன்னிக்கே சொல்லிட்டா. ட்ரூல்ஸ் மூலமா உங்களுக்கும் அது தெரியும்"னேன்.

"ட்ரூல்ஸா?" சிரித்துவிட்டார். "ஆட்டத்துல இறகுப்பந்து கோட்டுக்கு வெளிய விழுந்தாக்கூட அவன் வாயத் தொறக்க மாட்டான். உன் தங்கச்சிதான்பா சொன்னா. பயிற்சி முடிஞ்ச அன்னிக்கு நான்தான அவள கார்ல ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டேன். கேட்டேன், சொன்னா. ரொம்ப வெவரமான பொண்ணு. மேலிடத்துல அவளப் பத்தி எடுத்துச் சொன்னதும் நான்தான். ஏன், உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதில் மறைக்க எதுவுமே இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் எல்லாரும் பாட ஆரம்பித்தார்கள். நான் அண்ணியைக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச்சில் நான் உன்னை நேராகக் கேட்டேன். ஏப்ரலில் நீ எனக்கு உருளைக்கிழங்கைப் பற்றி எழுதினாய். மே மாதம் நான் ட்ரூல்ஸை என்ன செய்தேன் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். "அவராக இல்லாமலும் இருக்கலாம்" என்று எழுதினாய். இருக்கலாமா, விபெகே?

பதில் எழுது. இந்த முறை பெர்கன் மழையைப் பற்றி வேண்டாம்.

எஸ்பென்

---

வால்பி
21 ஜூலை

அன்புள்ள அண்ணா,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இந்தக் கடிதத்தை எத்தனையோ முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீ நினைக்கிற மாதிரி இல்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது, அவர் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். வழியில், "எப்படிப் போச்சு? எங்க உறுத்துது?" என்று கேட்டார். ஒரு பயிற்சியாளரிடம் எல்லா மேலாளரும் கேட்கிற கேள்விதான். நான் பெயர் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. "உங்க டெஸ்டிங்ல ஒரு பொண்ணு ரொம்பத் தைரியசாலி, அவ சொல்றதக் காது குடுத்துக் கேளுங்க"ன்னுதான் சொன்னேன். "அப்படி என்ன சொன்னா?" என்றார். நவம்பர் பற்றி என்றேன். அவ்வளவுதான். அவளுக்கு நல்லது செய்கிறதாகத்தான் நினைத்தேன். அந்த மனிதர் இப்படிச் செய்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீ கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் மட்டும் சோல்வைக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்குமா? ட்ரூல்ஸை விட்டுவிடு என்று நான் உன்னிடம் கெஞ்சினேன் இல்லையா? அதை நீ கேட்கவில்லை. அவரை ஒதுக்கச் சொன்னது நான் இல்லை.

நமக்கு இருப்பது நாம் இரண்டு பேர்தான், அண்ணா. வேலை விஷயத்தை வேலையோடு வைத்துக்கொள்வோம்.

உன் தங்கை,
விபெகே

---

ஆல்போர்க்
20 ஆகஸ்ட்

விபெகேவுக்கு,

கடிதம் கிடைத்தது.

குழுவில் ஒரே பெண். "ஒரு பொண்ணு" என்றாய், பெயர் சொல்லவில்லை. சரி. காரில் பேசியதெல்லாம் கடிதத்தில் இருக்கிறது. இரண்டு வருஷ ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அதுவும் சரி.

ட்ரூல்ஸை ஒதுக்கியது நான்தான். அதை நீ சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன சனிக்கிழமை பாலத்தைத் தாண்டி அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான், உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்று சொன்னேன், தப்பு செய்துவிட்டேன், சொன்னது நீ இல்லை, என் தங்கச்சி என்று.

"தெரியும்"னான். "அவ வந்துட்டுப் போன மறு புதன்கிழமையே, ஆட்டத்துக்கு நடுவுல ஃப்ளெமிங் சொன்னான்."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"அன்னிக்கு நீ எழுந்து நின்னு, நான் பொறுப்புன்னப்போ உன் மொகத்தப் பாத்தேன். அதுக்கப்புறம் உன்கிட்ட வந்து எப்படிச் சொல்றது, உன் தங்கச்சிதான்னு?"

"சரி, நான் கேட்டப்போவாவது சொல்லியிருக்கலாமே."

கதவுப்பிடியை விடாமலே நின்றான். "இத்தன வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டவன், நீதானான்னு கேட்டே. அதுக்கு என்னத்தப் பதில் சொல்றது?"

பிறகு, "பாலத்துல காத்து அடிக்கும், பாத்துப் போ" என்று கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு காபி தரவில்லை. நான் அவனாக இருந்தால் கதவையே திறந்திருக்க மாட்டேன்.

சோல்வைக்கும் போன் செய்தேன். அவள் தொழிற்சங்கத்தோடு அலைந்துகொண்டிருக்கிறாள், ஒரு மழலையர் காப்பகச் சமையலறையில் தற்காலிக வேலை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, எஸ்பென், குழந்தைங்களுக்குச் சாப்பாட்டு நேரம்" என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை, நீ கற்றுக்கொடுத்தபடி எல்லாரும் பலகை முன்னால் வட்டமாக நின்றோம். ஆளுக்கு ஒரு முறை. நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம், தடை ஏதாவது உண்டா. என் முறை வந்தது. நான் சொன்னேன்:

"சோல்வை பேசினத வெளிய சொன்னது ட்ரூல்ஸ் இல்ல, என் தங்கச்சி. நம்பிப் பேசுங்கன்னு உங்ககிட்ட சொன்னவன் நான். ட்ரூல்ஸோட ரொட்டியத் தொடாம மொதல்ல எழுந்து போனதும் நான். அந்தக் கெழவர் விழுந்தது சோல்வையால இல்ல. அது இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. வேலைக்கு வந்து ஒரு மாதமே ஆன பையன் ஒருவன் மட்டும் சோல்வை யார் என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். ஃப்ளெமிங் கடிகாரத்தைப் பார்த்தார். சிரித்த முகம் மாறவே இல்லை.

"சரி எஸ்பென். இன்னிக்கு வேலைக்குத் தடை ஏதாச்சும் இருக்கா?"

எல்லாரும் காத்திருந்தார்கள். எனக்குக் கால் வலித்தது.

"இல்ல"ன்னேன்.

"அடுத்தது யாரு?" என்றார். அடுத்தவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நேற்று தான் முடித்த வேலையைச் சொல்ல ஆரம்பித்தான்.

அண்ணி உன்னை விசாரித்ததாக எழுதி முடிப்பதுதான் வழக்கம். அவள் விசாரிக்கவில்லை.

எஸ்பென்